குளிர்ந்த தொலைகடல்களின் மேல் காற்றும் மேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்தக் கடல்?

பெரும்பாலும் தென்பெருங்கடல், அதாவது அண்டார்டிகாவைச் சுற்றி வளையமாக ஓடும் நீர்ப்பரப்பு. வரைபடங்களில் அது 60 டிகிரி தென் அட்சத்தில் தொடங்குவதாகக் கோடு போட்டிருப்பார்கள். வானிலைக்கு அந்தக் கோடு தெரியாது. 40 டிகிரியைத் தாண்டினாலே அதே மேற்குக் காற்று, அதே தாழ்ந்த மேகம். வடக்கே நார்வீஜியக் கடல், பேரன்ட்ஸ் கடல், லாப்ரடார் கடல், பெரிங் கடல் ஆகியவற்றிலும் இயற்பியல் இதுவே. ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வடக்கில் நிலம் அருகில் இருப்பதால் தூசியும் புகையும் வந்து சேரும். தெற்கில் டிரேக் நீரிணையை ஒட்டிய அட்சங்களில் உலகைச் சுற்றிவந்தாலும் காற்றின் வழியில் நிலமே குறுக்கிடாது. இந்த வேறுபாடு கீழே மேகங்களைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? அழுத்தமா, காற்றா, ஈரப்பதமா?

கடல்நீரின் வெப்பநிலையிலிருந்து அதன்மேல் உள்ள காற்றின் வெப்பநிலையைக் கழித்துப் பாருங்கள். விடை கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பதுதான் முதல் கேள்வி. கடல்நீர் ஒரு நாளில் அரை டிகிரிகூட மாறாது. காற்றோ ஆறு மணி நேரத்தில் பத்து டிகிரி மாறும். ஆகவே காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மேக வகை, மூடுபனி, காற்றின் துள்ளல், வானிலை பலூனில் தெரியப்போகும் காற்றடுக்குகள் என எல்லாவற்றையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஒரு கணக்கு. கடல் 4 டிகிரி செல்சியஸ், காற்று −6 டிகிரி, வேகம் நொடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் அடர்த்தி (1.25), தன்வெப்பம் (1,005), கடலும் காற்றும் வெப்பத்தை எவ்வளவு எளிதில் கைமாற்றும் என்று சொல்லும் பரிமாற்றக் கெழு (சுமார் 0.0011), வேகம், வெப்பநிலை வேறுபாடு ஐந்தையும் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 207 வாட் கிடைக்கும். இது நேரடி வெப்பம் மட்டும். ஆவியாதல் வழியே இன்னொரு 160 வாட் போகும். அந்த 207 வாட் 1 கிலோமீட்டர் தடிமனான காற்றடுக்கை மணிக்கு 0.6 டிகிரி சூடாக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் காற்று 54 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். உறைந்த கடலின் விளிம்பிலிருந்து புறப்பட்ட கடுங்குளிர்க் காற்று ஒரே நாளில் குணம் மாறிப்போவது இதனால்தான்.

இப்போது குறியை மாற்றுங்கள். காற்று கடலைவிட 3 டிகிரி வெப்பமாக இருக்கிறது. அப்போது கலக்கம் அடங்கி, கெழு 0.0008 அளவுக்கு இறங்கும். கடலுக்குள் போகும் வெப்பம் 45 வாட்தான். சிறிய எண், ஆனால் விளைவு சிறியதல்ல. காற்றின் அடிப்பகுதி மட்டும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிட, மேலே உள்ள காற்று அதனுடன் தொடர்பறுந்து வழுக்கிப்போகும்.

வேறுபாடு ஒன்றிரண்டு டிகிரியாக இருக்கும்போது அளவைப் பிழை குறியையே புரட்டிவிடும். கப்பலின் எந்திரத்துக்கு நீர் இழுக்கும் குழாயில் அளந்த வெப்பநிலை சில மீட்டர் ஆழத்தைச் சேர்ந்தது. குழாய் எந்திர அறைக்குள் நீண்டு போனால் சில பத்தில் ஒரு டிகிரி கூடிவிடும். அகச்சிவப்புக் கருவி காண்பதோ நீரின் மேல்தோலை மட்டும். அது அடியிலுள்ள நீரைவிடச் சற்றுக் குளிர்ந்தது. எந்த முறையில் எடுத்த எண் என்று குறித்துவைக்காவிட்டால் பிறகு சண்டைதான்.

எல்லை அடுக்கு என்பது என்ன? இங்கே எவ்வளவு உயரம்?

கடலின் உராய்வையும் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் உணரக்கூடிய கீழ்க்காற்றுப் பகுதிதான் எல்லை அடுக்கு. அதன் கூரை பெரும்பாலும் ஒரு தலைகீழ் அடுக்கு, அதாவது மேலே போகப் போகக் குளிர்வதற்கு மாறாக வெப்பம் ஏறும் மெல்லிய பகுதி. உயரழுத்தப் பகுதியில் மேலிருந்து அமிழும் காற்று சூடாகி இந்தக் கூரையைப் போடுகிறது.

தென்பெருங்கடலில் கூரை பெரும்பாலும் 1 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். வெப்பக் காற்று வரும்போது 200 மீட்டருக்கும் கீழே இறங்கும். குளிர் முகப்புக்கு, அதாவது குளிர்க் காற்று வெப்பக் காற்றைத் தள்ளி முன்னேறும் எல்லைக்கு, பின்னால் 2 முதல் 3 கிலோமீட்டர் வரை வளரும். சிக்கல் என்னவென்றால், ஒரே பதிவில் இரண்டு மூன்று தலைகீழ் அடுக்குகள் தெரிவது இங்கே சகஜம். கணினி நிரல் முதலில் கண்டதையோ வலுவானதையோ எடுத்துக்கொண்டு ‘இதுதான் கூரை’ என்று எழுதிவிடும். ரிச்சர்ட்சன் எண் (காற்று கலங்குமா அடங்குமா என்று காட்டும் விகிதம்) 0.25ஐத் தாண்டும் உயரத்தைக் கூரையாக எடுப்பது இன்னொரு பழக்கம். இந்தக் கடலில் அது பெரும்பாலும் கீழடுக்கின் உச்சியைத்தான் காட்டும், மேகத்தின் உச்சியை அல்ல. இரண்டையும் தனித்தனியாக எழுதிவைப்பதே நல்லது.

‘பிரிந்த அடுக்கு’ என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மேகத்தின் உச்சி விண்வெளியை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசிக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கீழே இறங்கிக் கலக்கும். மேகம் தாழ்வாக இருந்தால் இந்தக் கலக்கம் கடல்வரை எட்டும். மேகம் உயரத்தில் இருந்தாலோ, தூறல் வழியிலேயே ஆவியாகி இடைப்பகுதியைக் குளிரவைத்தாலோ எட்டாது. அப்போது கீழே 300 முதல் 500 மீட்டர் தடிமனில் ஈரமான ஓர் அடுக்கு, அதற்கு மேலே தன் சொந்தக் கலக்கத்தில் மிதக்கும் மேக அடுக்கு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். கடலில் நின்று பார்த்தால் ஒரே சாம்பல் மூட்டம்போலத் தெரியும். கிழிந்த சிறு மேகங்கள் அடியில் ஓட, அதற்கு மேலே ஒரு தகடு அசையாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பலூன் பதிவில் சோதிப்பது எளிது. ஒவ்வொரு உயரத்துக் காற்றையும் 1,000 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் என்ன வெப்பநிலை இருக்கும் என்று கணக்கிடுங்கள். ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீராவி என்பதையும் எடுங்கள். மேகத்துக்குக் கீழே நன்றாகக் கலந்த அடுக்கில் இரண்டும் உயரத்தோடு மாறாது. அடிப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் இடையே அரை டிகிரிக்கும் அரை கிராமுக்கும் மேல் வேறுபாடு இருந்தால் அடுக்கு பிரிந்துவிட்டது. மேகத்துக்குள் நீராவி துளியாவதால் இந்தச் சோதனையை அங்கே நேரடியாகப் பொருத்தக்கூடாது. மேகநீரையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

ஒரு தாழ்வு மண்டலம் கடந்துபோகும்போது எது எந்த வரிசையில் நடக்கும்?

இங்கே ஓரிடத்தில் நின்றால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு தாழ்வு மண்டலமோ அதன் முகப்போ கடக்கும். தெற்கு அரைக்கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகாரம் சுழலும் திசையில் வீசும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு உங்கள் வலப்பக்கம். வடக்கே பழகியவர்கள் முதல் வாரம் இதில்தான் தடுமாறுவார்கள்.

தாழ்வு மேற்கிலிருந்து நெருங்கும்போது காற்று வடமேற்குக்குத் திரும்பும். அது வெதுவெதுப்பான அட்சங்களிலிருந்து வரும் காற்று, கீழே உள்ள கடலைவிட வெப்பமானது. அழுத்தம் இறங்கும், பனிநிலை (காற்றின் நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) ஏறும், மேக அடி தாழும். தூறல், மூடுபனி, கலங்கிய அடிவானம். மேற்பரப்பில் காற்று கொஞ்சம் மந்தமாக இருப்பதுபோலத் தோன்றினாலும், 200 மீட்டருக்கு மேலே அது இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கலாம். கூரை தாழ்ந்து அடுக்கு பிரிந்திருப்பதால் அந்த வேகம் கீழே இறங்கவில்லை, அவ்வளவுதான்.

குளிர் முகப்பு கடக்கும் நொடியில் காற்று வடமேற்கிலிருந்து தென்மேற்குக்குத் தாவும். அழுத்தம் ஏறத் தொடங்கும், வெப்பநிலை சரியும், பார்வைத் தூரம் திடீரென்று நீளும். இனிமேல் காற்று கடலைவிடக் குளிர்ந்தது. கடல் கீழேயிருந்து சூடாக்க, காற்று குமிழ்களாக எழும். மேலே ஓடிய வேகம் கீழே இறங்கி வந்து வாரியடிக்கும். சராசரிக் காற்று கூடாவிட்டாலும் வீச்சுகள் கூடும். பனிக்குருணை மழை பத்து நிமிடம், வெயில் இருபது நிமிடம் என்று மாறி மாறி வரும். கப்பல் மேல்தளத்தில் வேலை இருந்தால் இந்த இடைவெளிகளைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

பிறகு உயரழுத்த மேடு. அமிழும் காற்று கூரையை 1 கிலோமீட்டருக்கு அழுத்தும். திரள் மேகங்கள் பரவித் தகடாகும். கடல் கொஞ்சம் அடங்கும், ஆனால் வானம் திறக்காது.

வரைபடத்தில் உள்ள சம அழுத்தக் கோடுகளிலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிட முடியுமா?

முடியும். 55 டிகிரி அட்சத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியுள்ள இரு கோடுகள் 200 கிலோமீட்டர் தள்ளியிருந்தால், உராய்வில்லாத காற்று நொடிக்கு சுமார் 13.4 மீட்டர். கோடுகள் 100 கிலோமீட்டருக்கு நெருங்கினால் இரு மடங்கு. மேற்பரப்பில் இதில் 70 முதல் 85 விழுக்காடு இருக்கும். திசை 10 முதல் 20 டிகிரி தாழ்வை நோக்கிச் சாயும். முன்பு சொன்ன கூட்டல் கழித்தல் குறி இங்கேயும் உதவும். குளிர்ந்த காற்றானால் மேல்வரம்பை எடுங்கள், வெப்பக் காற்றானால் கீழ்வரம்பை. தாழ்வின் மையத்தருகே கோடுகள் கூர்மையாக வளைந்திருந்தால் இந்தக் கணக்கு உண்மையைவிட அதிகமாகச் சொல்லும்.

மேக அடி எவ்வளவு உயரம் என்று கருவியில்லாமல் மதிப்பிட?

வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை. காற்று 5 டிகிரி, பனிநிலை 2 டிகிரி என்றால் 375 மீட்டர். அடுக்கு நன்றாகக் கலந்திருந்தால் மட்டுமே இது சரி. பிரிந்த அடுக்கில் இந்தக் கணக்கு அடியில் ஓடும் கிழிசல் மேகத்துக்கு விடை தரும். மேலே உள்ள தகடு அதைவிட அரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கலாம்.

−15 டிகிரியிலும் மேகம் ஏன் உறையாமல் திரவமாகவே இருக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்; விடையும் கொஞ்சம் நீளம்.

தூய நீர்த்துளி தானாக உறைய சுமார் −38 டிகிரி வேண்டும். அதற்கு முன்பே உறைய வேண்டுமானால் பனிப்படிகம் தொற்றிக்கொள்ள ஏற்ற ஒரு துகள், ஒரு பனிக்கரு, தேவை. பாலைவனத் தூசி சிறந்த பனிக்கரு. தென்பெருங்கடலின்மேல் தூசி அரிது. அலைத்துளிகளோடு மேலேறும் உயிர்க்கழிவுத் துகள்கள் ஓரளவு உதவுகின்றன, ஆனால் அவை பலவீனமானவை. −20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் சில பனிக்கருக்கள்தான் கிடைக்கின்றன. வடக்குக் கண்டங்களின் மேல் அதைவிட நூறு மடங்கு, சில நேரம் அதற்கும் மேல். அதே கன மீட்டர் மேகத்தில் துளிகள் எத்தனை? கன சென்டிமீட்டருக்கு 100 என்று வைத்தால் 10 கோடி. பத்துக் கோடித் துளிகளுக்கு நாலைந்து கரு. உறையாததில் வியப்பில்லை.

உறையாத இந்த நீரை மீக்குளிர் நீர் என்பார்கள். அது நிலையானதல்ல, வாய்ப்புக் கிடைக்காதது. ஒரு பனிப்படிகம் உள்ளே வந்துவிட்டால் நிலைமை மாறும். −15 டிகிரியில் துளிகளைச் சமநிலையில் வைத்திருக்கும் ஈரம் பனிக்கு சுமார் 16 விழுக்காடு மிகை. படிகம் துளிகளின் நீராவியைத் தின்று வேகமாகப் பருத்து விழுந்துவிடும். கரு குறைவாக இருப்பதால் இந்தக் கொள்ளை மேகம் முழுக்கப் பரவுவதில்லை. உச்சியில் நடக்கும் கதிர்வீச்சுக் குளிர்ச்சி இழந்த நீரை மறுபடி உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

விமானங்களுக்கு இது வெறும் ஆர்வச் செய்தி அல்ல. மீக்குளிர் நீர் இறக்கையின் முன்விளிம்பைத் தொட்ட கணத்தில் உறையும். 2018 ஜனவரி, பிப்ரவரியில் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டிலிருந்து பறந்த ‘சாக்ரடீஸ்’ ஆய்வின் கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் இப்படிப்பட்ட மேகங்களுக்குள் நுழைந்து அளந்தது. அதே பருவத்தில் ‘மார்கஸ்’ என்ற ஆய்வு அரோரா ஆஸ்ட்ராலிஸ் கப்பலிலும், ‘காப்ரிகார்ன்’ இன்வெஸ்டிகேட்டர் கப்பலிலும், இன்னொரு கருவித்தொகுதி டாஸ்மேனியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவேயுள்ள மக்குவாரி தீவிலும் நடந்தன.

அப்படியானால் மழை வருமா, பனி வருமா?

இரண்டும், ஒரே அரை மணி நேரத்தில். சூடான மேகத்தில் துளிகள் மோதிச் சேர்ந்து தூறலாகும். இங்கே துளிகளின் எண்ணிக்கை குறைவு, ஆகவே ஒவ்வொன்றும் பெரிது, தூறல் எளிது. திரள் மேகங்களிலோ −3 முதல் −8 டிகிரி வரையுள்ள பகுதியில் வேறொரு வேலை நடக்கிறது. பனிக்குருணையின் மேல் பெரிய துளிகள் மோதி உறையும்போது சிறு பனிச்சில்லுகள் தெறிக்கின்றன; ஹாலட், மாசப் இருவர் பெயரில் அறியப்படும் நிகழ்வு இது. ஒரு கருவிலிருந்து நூற்றுக்கணக்கான படிகங்கள் உண்டாகிவிடும். அதனால்தான் பனிக்கரு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பனிப்படிகங்களைக் கணக்கிட்டவர்கள் தகட்டு மேகத்தில் ஓரளவு சரியாகவும், திரள் மேகத்தில் மிகத் தவறாகவும் வந்து நிற்கிறார்கள்.

மேகத்துளிகளுக்கான கரு எங்கிருந்து வருகிறது? நிலமே இல்லையே?

ஒன்று, கடலுப்பு. இன்னொன்று, கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் டைமெத்தில் சல்ஃபைடு வாயு. காற்றில் அது சல்ஃபேட் துகளாகிறது. கோடையில் உயிரினங்கள் பெருகுவதால் மேகக்கருக்களும் பெருகும், குளிர்காலத்தில் இறங்கும். டாஸ்மேனியாவின் கேப் கிரிம் நிலையம் 1976 முதல் எடுத்துவரும் பதிவுகளில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரிகிறது. உயிரினங்கள் இதன்மூலம் தட்பவெப்பத்தையே சீராக்குகின்றன என்று 1987இல் நான்கு பேர் முன்வைத்த கருதுகோள் புகழ்பெற்றது. அவ்வளவு தூரம் போக இப்போதைய சான்றுகள் இடம் தரவில்லை. தூறல் துகள்களைக் கழுவிக் கீழே கொண்டுபோவதும் இந்தக் கணக்கில் பாதி.

செயற்கைக்கோள் படத்தில் தேன்கூடு போலத் தெரிவது?

10 முதல் 50 கிலோமீட்டர் அகலமுள்ள அறைகள் அவை. நடுவில் மேகம், ஓரத்தில் இடைவெளி என்றால் மூடிய அறை: மேகத்தின் உச்சி குளிர்வதால் ஓடுவது, உயரழுத்த மேட்டருகே காணலாம். நடுவில் வெறுமை, ஓரத்தில் மேக வளையம் என்றால் திறந்த அறை: கடல் கீழேயிருந்து சூடாக்குவதால் ஓடுவது, குளிர் முகப்புக்குப் பின்னால் காணலாம். கப்பல் எங்கே இருக்கிறது என்று படத்தில் ஒரு புள்ளி வைத்தாலே அடுத்த மூன்று மணி நேரத்து மழை இடைவெளிகள் பிடிபடும்.

இங்கே மூடுபனி எத்தனை வகை?

இரண்டு வகை, ஒன்றுக்கொன்று நேர் எதிர். வரும் காற்றின் பனிநிலை கடல்நீரின் வெப்பநிலையைவிட அதிகமானால் பரவல் மூடுபனி. காற்று வீசினால் கலைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். நொடிக்கு 10 மீட்டர் காற்றிலும் அது நிற்கும். முகப்பு கடந்தால்தான் போகும். மற்றது கடற்புகை. காற்று நீரைவிட சுமார் 10 டிகிரியோ அதற்கு மேலோ குளிர்ந்திருந்தால் கடல் கொதிப்பதுபோல ஆவி எழும். பெரும்பாலும் சில மீட்டர் உயரம்தான், ஆனால் அதில் மிதக்கும் துளிகள் கைப்பிடிக் கம்பிகளில் உறையும்.

கப்பலின் மேல் பனி படிவதை முன்கூட்டியே கணக்கிட வழி உண்டா?

ஓவர்லேண்ட் சூத்திரம் உண்டு. 20 முதல் 75 மீட்டர் நீளக் கப்பல்களுக்காக உருவானது. கடல்நீரின் உறைநிலையிலிருந்து (சுமார் −1.8 டிகிரி) காற்றின் வெப்பநிலையைக் கழித்து, நொடிக்கு மீட்டர் கணக்கில் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். பிறகு கடல்நீரின் வெப்பநிலையிலிருந்து உறைநிலையைக் கழித்து, 0.3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டி, வந்ததைக் கொண்டு வகுக்கவும். விடை 22.4க்குக் கீழே என்றால் லேசானது, மணிக்கு 0.7 சென்டிமீட்டருக்குள். 53.3 வரை மிதமானது, 2 சென்டிமீட்டர் வரை. 83 வரை கடுமை, 4 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேலே மிகக் கடுமை.

காற்று 18, வெப்பநிலை −8, நீர் 2 டிகிரி என்றால் 52 வரும்; மிதத்தின் உச்சி. வெப்பநிலை −10க்கு இறங்கினால் 69, கடுமை. இரண்டே டிகிரியில் வகுப்பு மாறிவிடுகிறது. ஆகவே முன்னறிவிப்பின் வெப்பநிலையில் ஒன்றிரண்டு டிகிரிப் பிழை இருக்கலாம் என்று எண்ணி மேல்வகுப்புக்கே தயாராவது அறிவுடைமை.

ஆபத்து எடையில் மட்டும் இல்லை, எடை எங்கே ஏறுகிறது என்பதில் இருக்கிறது. கொடிமரம், கம்பிகள், ஆன்டெனாக்கள் பருத்தால் கப்பலின் ஈர்ப்பு மையம் மேலேறி, சாய்ந்தது நிமிர நேரமெடுக்கும். வேகத்தைக் குறைத்து, அலைத்துளி குறையும் திசைக்குத் திருப்புங்கள். மேலே உள்ளதை முதலில் தட்டுங்கள், இரு பக்கமும் சமமாக. சிதறிய கடற்பனிக்குள் நுழையத் தகுதியுள்ள கப்பலுக்கு அதுவே புகலிடம்: அங்கே அலை அடங்கும், துளி தெறிக்காது.

துருவத் தாழ்வு என்பது சாதாரணத் தாழ்வின் சிறிய வடிவமா?

குறுக்களவு 200 முதல் 1,000 கிலோமீட்டர், மேற்பரப்புக் காற்று நொடிக்கு 15 மீட்டருக்கு மேல், ஆயுள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள். ஆனால் பிறப்பு வேறு: கடுங்குளிர்க் காற்று திறந்த கடலின்மேல் பாயும்போது கடலின் வெப்பத்தைக் குடித்து வளர்வது. கடல்நீருக்கும் 500 ஹெக்டோபாஸ்கல் அழுத்தமுள்ள மட்டத்துக்கும் (சுமார் 5 கிலோமீட்டர் உயரம்) வெப்பநிலையில் 43 டிகிரி வேறுபாடு இருந்தால் கவனியுங்கள் என்பது வடக்குக் கடல்களில் புழங்கும் விதி. தெற்கில் இவை பொதுவாக வலுக்குறைந்தவை.

கப்பலிலிருந்து பலூன் ஏவும்போது என்னென்ன கெடும்?

நிறைய.

ரேடியோசோன்ட், அதாவது பலூன் தூக்கிச்செல்லும் அளவைக் கருவி, நொடிக்கு 5 மீட்டர் ஏறும். 1 கிலோமீட்டர் எல்லை அடுக்கு மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். நமக்கு வேண்டியதெல்லாம் அந்த மூன்றரை நிமிடத்தில்தான். அதில் முதல் பத்து இருபது நொடிகள் கப்பலின் வெப்பத்திலும் புகைப்போக்கியின் வாலிலும் போகும். காற்று நேர் முன்னாலிருந்து வந்தால் புகை பின்தளத்துக்கு வரும். பின்னாலிருந்து வந்தால் பலூன் மேற்கட்டில் மோதும். வேகத்தைக் குறைத்து, காற்று பக்கவாட்டிலிருந்தோ சற்று முன்பக்கவாட்டிலிருந்தோ வருமாறு கப்பலைத் திருப்பச் சொல்வதே நடைமுறை. கப்பலை இயக்கும் அறைக்குப் பத்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கருவியைக் கதகதப்பான அறையிலிருந்து எடுத்தவுடன் விடாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் சில நிமிடம் வைத்து, வெளி வெப்பநிலைக்கு வந்த பிறகே விட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் இல்லாத ஒரு சூடான அடுக்கு பதிவில் முளைக்கும். தொடக்க அழுத்தத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தத்தைக் கொடுத்துவிட்டு உயரத்தை 12 மீட்டர் என்று எழுதினால் 1.5 ஹெக்டோபாஸ்கல் பிழை பதிவு முழுக்கத் தொடரும்.

மேகத்தைக் கடந்து வறண்ட காற்றுக்குள் நுழையும்போது நனைந்த உணரி ஆவியாதலால் குளிரும். மேகத்தின் உச்சிக்குச் சற்று மேலே, உயரத்தோடு வெப்பநிலை கிலோமீட்டருக்கு 9.8 டிகிரிக்கும் வேகமாகச் சரிவதுபோலத் தெரிந்தால் அதை நம்பாதீர்கள். அது நனைந்த உணரியின் கைவேலை. தலைகீழ் அடுக்கின் அடி எங்கே என்று தேடுபவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் இதுதான். மீக்குளிர் மேகத்தில் பலூனின் மேல் பனி படிந்தால் ஏற்றம் மெதுவாகும், சில நேரம் நின்று இறங்கவும் செய்யும். நொடிக்கு 3 மீட்டருக்குக் கீழே ஏற்றம் விழுந்தால் வாயுவைக் கூட்டி மறுபடி ஏவுவதா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும்.

கப்பலின் காற்றுவேகமானி காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வேகமானி 25 மீட்டர் உயரத்தில் இருந்தால், நடுநிலைக் காற்றில் (கடலும் காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது) 10 மீட்டர் உயரத்தைவிட சுமார் 9 விழுக்காடு அதிகம் காட்டும்; வெப்பக் காற்று வரும்போது இன்னும் அதிகம், குளிர்க் காற்றில் குறைவு. மேற்கட்டு காற்றை வளைப்பதால் வரும் பிழை இன்னொரு 10 விழுக்காடு. காற்று பின்னாலிருந்து வரும் நிமிடங்களின் பதிவைத் தள்ளிவிடுங்கள்.

உண்மைக் காற்றைக் கணக்கிடும்போது நடக்கும் பொதுவான தவறு: வேகமானியின் திசை கப்பலின் முகம் பார்க்கும் திசையைச் சார்ந்தது; கப்பல் நகரும் திசை வேறு. பலத்த பக்கக் காற்றில் இரண்டுக்கும் பத்து டிகிரி வேறுபாடு வரலாம். இரண்டையும் குழப்பினால், கப்பல் திரும்பும்போதெல்லாம் காற்றும் திரும்புவதுபோலப் பதிவு சொல்லும். அப்படித் தெரிந்தால் கருவியைக் கழற்றாதீர்கள், கணக்கைப் பாருங்கள்.

இவ்வளவு செயற்கைக்கோள்கள் இருக்கும்போது கப்பலும் மிதவையும் எதற்கு?

ஒவ்வொரு கோளும் ஒரு துண்டைத்தான் காணும். ஜப்பானின் ஹிமவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தரும், ஆனால் மேகத்தின் உச்சியை மட்டும். ஆஸ்காட் கருவி மேகத்தை ஊடுருவிக் கடற்பரப்புக் காற்றைத் தரும், ஆனால் கோள் கடக்கும் நேரத்தில் மட்டும். 2006 முதல் 2023 வரை இயங்கிய கிளவுட்சாட் ரேடார் மேகத்தின் உட்புறத்தைக் காட்டியது; கடற்பரப்பின் எதிரொலியால் கீழே முக்கால் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் அதற்குக் குருடு. இங்கே எல்லை அடுக்கே அவ்வளவுதான். அதன் துணையாக 2023 வரை இயங்கிய கலிப்சோவின் லேசர் உச்சி திரவமா பனியா என்று சொன்னது, ஆனால் அடர்ந்த திரவ மேகத்தில் சீக்கிரமே நின்றுவிட்டது. 2024இல் ஏவப்பட்ட எர்த்கேர் இந்தக் குறைகளில் சிலவற்றைக் குறைக்கிறது. கடல்மட்ட அழுத்தத்தை நேரடியாக அளக்க இன்றும் மிதவைதான் வேண்டும். அலைக்கும் அப்படியே: 2018 மே மாதம் நியூசிலாந்தின் காம்ப்பெல் தீவருகே மிதவை பதிந்த 23.8 மீட்டர் அலை, தெற்கு அரைக்கோளத்தில் அதுவரை அளக்கப்பட்டவற்றில் மிக உயரமானது.

தட்பவெப்பக் கணினி மாதிரிகள் இந்தக் கடலில் ஏன் இடறின?

மாதிரிகளில் மேகம் எளிதில் உறைந்து, விழுந்து, மெலிந்துபோனது. வெள்ளை மேகம் குறைந்தால் சூரிய ஒளி கடலுக்குள் போகும். மாதிரிகளின் தென்பெருங்கடல் தேவைக்கு மேல் சூடானது. 2010இல் வெளிவந்த ட்ரென்பெர்த், ஃபாசுல்லோ ஆய்வு இதைப் பெரிதாகக் காட்டியது. பிழை அதிகம் விழுந்த இடம் தாழ்வுகளின் குளிர்ப் பக்கம், அதாவது முகப்புக்குப் பின்னாலுள்ள தாழ்மேகங்கள்.

மீக்குளிர் நீரைக் கூட்டித் திருத்தியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. உலகம் சூடாகும்போது பனி மேகம் நீர் மேகமாகி இன்னும் வெளுத்து, சூடேற்றத்தைக் கொஞ்சம் தணிக்கும் என்பது பழைய மாதிரிகளின் கணக்கு. மேகம் ஏற்கெனவே நீர்தான் என்றால் அந்தத் தணிப்புக்கு இடமில்லை. புதிய தலைமுறை மாதிரிகள் சில அதிகச் சூடேற்றத்தைக் காட்டியதற்கு இது ஒரு காரணம்.

மக்குவாரி தீவின் பதிவு கடலுக்கும் பொருந்துமா?

பெருமளவு, கவனத்தோடு. 1948 முதல் நிலையம் இயங்கும் இந்தத் தீவு 34 கிலோமீட்டர் நீளம், சுமார் 5 கிலோமீட்டர் அகலம். பீடபூமி 200 முதல் 400 மீட்டர் உயரம். நிலையம் வடமுனையின் குறுகிய நிலத்தில் இருப்பதால் மேற்குக் காற்று வரும்போது அளவை கிட்டத்தட்டக் கடலுடையது. காற்று தெற்கிலிருந்து, பீடபூமியைத் தழுவி வரும்போது மேக அடியும் தூறலும் தீவுடையவை. திசைவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் மாதச் சராசரி எடுத்தால் இரண்டும் கலந்துவிடும்.